ட்ரெட் அப்படியே இருக்கிறது, ட்ரெயிலர் டயரை மாற்றணுமா?

கூட்டாஞ்சோறு

வணக்கம் மக்களே. நாங்கள் டெக்சஸ், ஃபிரிஸ்கோ. மார்ச்சில் 2016 மாடல் ட்ராவல் ட்ரெயிலர் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். 24 அடி, இரண்டு ஆக்ஸில், ஒவ்வொன்றும் 3,500 பவுண்டு. டயர் எஸ்.டி. (ட்ரெயிலருக்கென்றே செய்தது) 205/75 ஆர் 14, லோட் ரேஞ்ச் (எடை தாங்கும் தரம்) சி. விற்றவர் "டயரைப் பற்றிக் கவலையே வேண்டாம், அதிகம் ஓடவே இல்லை" என்றார். பொய் சொல்லவில்லை, ட்ரெட் (தரையில் படும் வரிப்பள்ளம்) அப்படியே இருக்கிறது, பென்னி காசைத் தலைகீழாகச் செருகினால் லிங்கனின் நெற்றி மறைந்துவிடுகிறது. பக்கச்சுவரில் மட்டும் அங்கங்கே மெல்லிய கீறல்கள், உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

ஜூன் கடைசியில் பிள்ளைகளோடு கிராண்ட் கேன்யன் போகிறோம். 287ல் அமரில்லோ, அங்கிருந்து ஐ-40 பிடித்து ஃபிளாக்ஸ்டாஃப், போக மட்டும் 1,100 மைல் கிட்டத்தட்ட வரும். பக்கத்து வீட்டுக்காரர் காலம் காலமாக ட்ரெயிலர் இழுப்பவர், "கம்பி வெளியே தெரியும் வரை ஓட்டு" என்கிறார். டயர் கடைக்காரரோ குனிந்துகூடப் பார்க்காமல் ஐந்தையும் மாற்று என்கிறார், அவர் விற்பவர், வேறென்ன சொல்வார். நீங்களெல்லாம் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

ஊர்சுற்றி_அக்கா

தம்பி, ட்ரெட்டை விடுங்கள், முதலில் டயருக்கு என்ன வயது? பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று ஆரம்பித்து நீளமாக ஒரு எண் இருக்கும். கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 1520 என்றால் 2020ஆம் வருடம் 15ஆவது வாரம். (மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000க்கு முந்தைய டயர், மேற்கொண்டு யோசிக்க எதுவும் இல்லை.)

ஒரு தொல்லை, முழு எண் டயரின் ஒரு பக்கத்தில்தான் அச்சாகியிருக்கும். வெளிப்பக்கம் அரைகுறையாக நின்றுபோனால் உள்பக்கம் இருக்கும், அட்டையை விரித்துக் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். எழுதிக்கொள்வதை விடப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக் போட்டுத் தூக்கிய வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஸ்பேரையும் பாருங்கள், அதைத்தான் எல்லாரும் மறப்பது.

கூட்டாஞ்சோறு

நன்றி அக்கா. பார்த்துவிட்டேன், முதுகெல்லாம் மண். மூன்று டயர் 2219. நாலாவது 4121, எப்போதோ ஒன்று போய் மாற்றியிருக்கிறார்கள் போல. ஸ்பேர் 0916, வண்டியோடு வந்தது, புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகூட உதிரவில்லை, தரையையே தொட்டிருக்காது. ஆக மூன்றுக்கு ஆறு வயது, ஒன்றுக்கு நாலு ஆகப்போகிறது, ஸ்பேருக்கு ஒன்பது.

வெயிலான்_பீனிக்ஸ்

அந்த மூன்றையும் ஸ்பேரையும் இப்போதே கழற்றிவிடுங்கள், யோசிக்காதீர்கள்.

போன ஆகஸ்டில் ஐ-10ல் குவார்ட்சைட் தாண்டி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். டயருக்கு ஐந்து வயது, காலையில் காற்றுப் பார்த்தாயிற்று, நாலிலும் காற்றழுத்தம் பார்க்கும் சென்சார் இருந்தது, வேகம் 62க்கு மேல் போகவில்லை. ஒரு சத்தம், கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கறுப்புத் துண்டுகள் பறக்கின்றன. சென்சார் அதற்கப்புறம்தான் கத்தியது. காற்று இறங்கிப் போன கேஸ் இல்லை இது, ட்ரெட் பட்டையாக உரிந்து, உரிந்த துண்டு சுற்றிச் சுற்றி அடித்ததில் வீல் வெல் கிழிந்து, ஒயரிங் அறுந்து, உள்ளே டாய்லெட் பக்கத் தரை தூக்கிக்கொண்டது. கேஸ் பைப் அதிலிருந்து ஒரு ஜாண் தள்ளிப் போகிறது, அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. ரிப்பேர் பில்லில் எத்தனையோ செட் டயர் வாங்கியிருக்கலாம். எந்த பிராண்ட் என்று கேட்காதீர்கள், இங்கே எல்லா பிராண்டுக்கும் அதே வெயில்தான்.

என்.எச்.டி.எஸ்.ஏ. (மத்திய அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு) 2007ல் அமெரிக்கக் காங்கிரஸுக்குக் கொடுத்த அறிக்கையில் ஒரு பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியின் கணக்கு வருகிறது. அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர்களில் டெக்சஸ், கலிஃபோர்னியா, லூசியானா, ஃபுளோரிடா, அரிசோனா ஆட்கள் 27 சதவீதம்தான். டயர் சம்பந்தமான கிளெய்மில் 77 சதவீதம் இந்த ஐந்து மாநிலங்களிலிருந்து. அந்த 77லும் 84 சதவீதம் ஆறு வயது தாண்டிய டயர். நீங்களும் நானும் இருப்பது அந்த லிஸ்டில்தான்.

கணக்குப்பிள்ளை

நான் எதிர்க்கட்சி. பயமுறுத்துவது சுலபம்.

ஒன்று, இத்தனை வயதில் டயரை மாற்று என்று மத்திய சட்டம் எதுவும் சொல்லவில்லை. டயர் உற்பத்தியாளர் சங்கமே வயதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்கிறது. மிஷெலின் ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் பரிசோதிக்கச் சொல்கிறது, வெளியே எப்படித் தெரிந்தாலும் தயாரித்த தேதியிலிருந்து பத்து வருடத்தில் கழற்றச் சொல்கிறது. என்.எச்.டி.எஸ்.ஏ.வும் சில கம்பெனிகள் ஆறிலிருந்து பத்து வருடத்துக்குள் மாற்றச் சொல்வதாகத்தான் எழுதுகிறது. ஆறுக்கும் பத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம்?

இரண்டு, பீனிக்ஸ் நண்பர் சொன்ன 84 சதவீதம். போன டயர்களில் எத்தனை பழையது என்று அது சொல்கிறது, ஆறு வயது தாண்டிய டயர்களில் எத்தனை ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்கிறதா? இல்லை. அதுவும் பெரும்பாலும் கார்.

மூன்று, என் ட்ரெயிலர் டயருக்கு எட்டு வயது. வெள்ளைக் கவர் போட்டு நிறுத்துகிறேன், காற்று எப்போதும் முழு அளவு, வசந்த காலத்தில் ஒவ்வொரு டயரையும் தூக்கிச் சுற்றிவிட்டு உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறேன். ஒரு மேடு பள்ளம் கிடையாது. ஐந்து டயர், பொருத்துகிற கூலியோடு 700 டாலர் பக்கம் வந்துவிடும், அதைத் தேவைக்கு முன்னால் ஏன் கொட்டவேண்டும்?

குரோம்பேட்டை_ரப்பர்

இந்த இழையில் தலையிடக்கூடாது என்று இருந்தேன், முடியவில்லை. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர் டெக்னாலஜி படித்துவிட்டு ஒஹையோவில் கலவைப் பக்கம் வேலை பார்க்கிறேன். கம்பெனி சார்பாகப் பேசவில்லை.

கணக்குப்பிள்ளை அண்ணா, நீங்கள் சொன்ன முதல் பாயின்ட் சரி, சட்டம் இல்லை. இரண்டாவதும் நியாயமான கேள்விதான். மூன்றாவதில்தான் கோளாறு. கண்ணால் பார்த்தும் தடவியும் வயதைக் கண்டுபிடிக்கலாம் என்பது பாதி உண்மை, ஏனென்றால் டயர் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகக் கிழடாகிறது.

வெளியே தெரியும் கீறல் பெரும்பாலும் ஓசோன் வேலை, வெயிலும் சேர்ந்துகொள்ளும். காற்றில் உள்ள ஓசோன் ரப்பர் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்புகளை வெட்டுகிறது. அதைத் தடுக்கத்தான் கலவையில் மெழுகும் ஓசோன் தடுப்பு ரசாயனமும் போடுகிறோம். டயர் உருண்டு வளைந்து கொடுக்கும்போது அது உள்ளிருந்து மேல்பக்கம் வந்துகொண்டே இருக்கும். வருடத்தில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கிற ட்ரெயிலருக்கு இது ஒழுங்காக நடப்பதில்லை, ஓடாத டயர் சீக்கிரம் வெடிக்கீறல் விடுவது இதனால்தான். விற்றவர் "ஓடவே இல்லை" என்று சொன்னதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன். பளபளப்புக்கு எதையாவது பூசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, பெட்ரோலியம் கலந்த பாலிஷ் அந்த மெழுகைத் துடைத்து எடுத்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

உள்ளே நடப்பது வேறு. டயருக்குள் 50, 65 பி.எஸ்.ஐ.யில் அடைத்த காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது உள் லைனர் வழியாக மெல்ல மெல்லக் கசிந்து, ட்ரெட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு ஸ்டீல் பெல்ட்டுக்கும் (கம்பிப் பட்டைகள்) நடுவில் இருக்கும் ரப்பரைப் போய்ச் சேர்கிறது. அந்த ரப்பர் இறுகி, நீளும் குணத்தை இழக்கிறது. டிராயரில் கிடந்த பழைய ரப்பர் பேண்டை இழுத்தால் பட்டென்று அறுகிறதே, அதேதான். ஓடும்போது டயரில் மிக அதிகமாகச் சூடாகும் இடமும், மிக அதிகமாக இழுபடும் இடமும் பெல்ட்டின் ஓரம். அங்கே நுண்ணிய விரிசல் விட்டு, அது பெல்ட் ஓரமாகவே பரவி, ஒரு நாள் மேல் பெல்ட் ட்ரெட்டோடு சேர்ந்து கழன்றுகொள்கிறது. பீனிக்ஸ் நண்பருக்கு நடந்தது அச்சு அசலாக இது. பக்கச்சுவர் கீறலுக்கும் இதற்கும் நேரடி உறவு கிடையாது. கீறலே இல்லாத டயர் உரிந்து போகலாம், கீறல் விட்ட டயர் இன்னும் கொஞ்ச காலம் ஓடலாம்.

தடவிப் பார்க்கிற சோதனை நல்லதுதான், விடாதீர்கள். ஆனால் மேடு கைக்குத் தட்டுப்படும்போது உள்ளே ஏற்கெனவே பிரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தட்டுப்படவில்லை என்றால் இன்னும் பிரியவில்லை, அவ்வளவுதான். ரப்பரில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அது சொல்லாது, அதற்கு டயரை அறுத்து லேபில் போட வேண்டும், அப்புறம் ஓட்ட முடியாது!

சூடு விஷயம். இந்த மாதிரி வேதிவினை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய இரட்டிப்பு வேகமாகும் என்பது தோராய விதி. மின்னசோட்டாவில் எட்டு வயதும் பீனிக்ஸில் எட்டு வயதும் ஒன்றல்ல என்பது இதனால்தான். என்.எச்.டி.எஸ்.ஏ. டயர் முதுமை ஆராய்ச்சிக்கு 2003ல் பீனிக்ஸ் பகுதியில் ஓடிய டயர்களைத் திரட்டியதும் இதற்காகவே. அதில் காற்றடித்து வைத்திருந்த ஸ்பேர்களும் கெட்டுப்போயிருந்தன, சாலையைப் பார்க்காமலேயே. கூட்டாஞ்சோறு, உங்கள் ஒன்பது வயது ஸ்பேரின் முடியைப் பார்த்து ஏமாறவேண்டாம்.

ஸ்காபரோ_பனை

குரோம்பேட்டை அண்ணை நல்ல வடிவா விளங்கப்படுத்தியிருக்கிறார். இங்கே ஒன்ராறியோவில் எங்கள் ட்ரெயிலர் ஒக்ரோபரில் மூடினால் மே மாதம்தான் திரும்ப வெளிக்கிடும், ஓட்டம் என்று பார்த்தால் அல்கொன்குவின், ப்ரூஸ் பக்கம், அவ்வளவுதான். ரயர் ஏழு வருடம் ஓடியது, ஒரு பிரச்சினையும் இல்லை. அதுக்காக நான் டெக்சஸ்காரருக்கு ஏழு வருடம் ஓட்டுங்கோ என்று சொல்லமாட்டன். கணக்குப்பிள்ளை எந்த ஊர் என்று சொல்லவே இல்லையே?

கணக்குப்பிள்ளை

விஸ்கான்சின். சரி சரி, சிரிக்காதீர்கள்.

இரட்டைஅச்சு

எல்லாரும் வயதைப் பற்றியே பேசுகிறீர்கள், இந்த வண்டியில் எனக்கு அதைவிட உறுத்துவது லோட்.

205/75 ஆர் 14 லோட் ரேஞ்ச் சி, 50 பி.எஸ்.ஐ.யில் ஒரு டயருக்கு 1,760 பவுண்டு. நாலு டயருக்கு 7,040. ஆக்ஸில் இரண்டும் சேர்த்து 7,000. நாற்பது பவுண்டு மிச்சம் வைத்து வண்டியை ஃபாக்டரியில் இருந்து அனுப்பியிருக்கிறார்கள்! அந்தக் காலத்தில் இது சகஜம். 2017 செப்டம்பரிலிருந்து ஆர்.வி.ஐ.ஏ. என்கிற தொழில் சங்கம் தன் உறுப்பினர்கள் செய்யும் ட்ரெயிலரில் ஆக்ஸில் ரேட்டிங்கை விட டயர் 10 சதவீதமாவது கூடுதலாகத் தாங்கவேண்டும் என்று விதி வைத்தது. உங்களுடையது 2016, அதற்கு முந்தியது.

அந்த 1,760 கூடக் காற்று முழுசாக இருந்தால்தான். 10 பி.எஸ்.ஐ. குறைந்தால் 200 பவுண்டுக்கு மேல் திறன் போய்விடும். அதனால்தான் எஸ்.டி. டயரைப் பக்கச்சுவரில் போட்ட முழு அளவுக்கு, காலையில் வெயில் படுவதற்கு முன் அடிக்கச் சொல்வது. ஓடிய சூட்டில் கேஜ் கூடக் காட்டுகிறதே என்று வழியில் காற்றைத் திறந்துவிடுகிறவர்கள் உண்டு, அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

கார் டயருக்கு இல்லாத இன்னொரு அவஸ்தையும் உண்டு. இரட்டை ஆக்ஸில் வண்டியைக் கேம்ப்கிரவுண்டில் மடக்கி ரிவர்ஸ் எடுக்கும்போது கீழே இறங்கி டயரைப் பாருங்கள், நாலும் பக்கவாட்டில் வளைந்து முறுக்கிக்கொண்டு நிற்கும். சக்கரம் திரும்பாது, ஆக்ஸில் நேராகத்தான் இருக்கும், தரைதான் டயரை அறுத்து இழுக்கும். குரோம்பேட்டை சொன்ன பெல்ட் ஓரத்தில்தான் அந்த இழுப்பு முழுக்க விழுகிறது. ஆகவே கார் டயருக்குச் சொல்லும் பத்து வருடத்தை ட்ரெயிலருக்கு எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. என் கணக்கு, வெயில் ஊரில் ஐந்து, குளிர் ஊரில் ஏழு, எடை எல்லையை ஒட்டி ஓடினால் அதிலும் ஒன்று குறை.

முதலில் ஊருக்குப் போகிற சாமான் எல்லாம் ஏற்றி, ட்ரக் ஸ்டாப்பில் லாரிகளை எடை போடும் கேட் (CAT) ஸ்கேலில் எடை போட்டுப் பாருங்கள். தண்ணீர் டேங்க் நிரப்பித்தான் போகப்போகிறீர்கள் என்றால் நிரப்பிக்கொண்டு போங்கள், ஒரு காலன் 8.3 பவுண்டு, 40 காலன் என்றாலே 330 பவுண்டு.

கூட்டாஞ்சோறு

எடை போட்டாயிற்று. தண்ணீர், பிள்ளைகளின் சைக்கிள், வீட்டம்மா எடுத்து வைத்த இட்லிக் குண்டான் உட்பட. இரண்டு ட்ரெயிலர் ஆக்ஸிலும் சேர்ந்து 5,960 பவுண்டு. நாலால் வகுத்தால் 1,490. 1,760க்கு இது பரவாயில்லைதானே?

இரட்டைஅச்சு

நாலால் வகுத்தது சராசரி. உண்மையில் நாலும் ஒரே எடையைச் சுமக்காது. ஸ்லைடு அவுட் (வெளியே நீளும் அறைப் பகுதி), கிச்சன், ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே பக்கம் என்றால் அந்தப் பக்கம் சில நூறு பவுண்டு கூட நிற்கும். ஹிட்ச் (இழுக்கும் வண்டியோடு கோர்க்கும் இடம்) சமமாக இல்லாமல் மூக்கு தூக்கி ஓடினால் பின் ஆக்ஸிலுக்கு இன்னும் கூடப் போகும். ஏதோ ஒரு டயர் 1,650, 1,700ல் ஓடிக்கொண்டிருக்கலாம், எது என்று அந்த ஸ்கேல் சொல்லாது. ஆறு வயது டயரை ஜூன் மாத ஐ-40ல் அந்த எடையில் நான் விடமாட்டேன்.

அதே சைஸில் லோட் ரேஞ்ச் டி வாங்குங்கள். 65 பி.எஸ்.ஐ.யில் 2,040 பவுண்டு, நாலுக்கு 8,160. விலை சி-யை விடச் சொற்பம்தான் கூட. ஆனால் வீலைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், ரிம் எவ்வளவு எடை தாங்கும் என்று பொறித்திருக்கும், சிலதில் பி.எஸ்.ஐ.யும் இருக்கும். 50தான் என்று எழுதியிருந்தால் டி டயரை 65க்கு அடிக்கக்கூடாது. வால்வையும் புதுசாகப் போடச் சொல்லுங்கள், சாதாரண ரப்பர் வால்வுக்கு 65 பி.எஸ்.ஐ. உச்ச வரம்பு, சென்சாரை அதன் தலையில் திருகப்போகிறீர்கள் என்றால் மெட்டல் வால்வே நல்லது.

வெயிலான்_பீனிக்ஸ்

கார் டயர் மலிவு என்று அதைப் போடச் சொல்லி யாராவது கிளம்புவார்கள், கேட்காதீர்கள். பி என்று ஆரம்பிக்கும் டயரை ட்ரெயிலரில் போட்டால் அதில் எழுதிய எடையை 1.1ஆல் வகுத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், பக்கச்சுவரும் மெத்தென்று ஆடும்.

ஊர்சுற்றி_அக்கா

வேகத்தையும் பாருங்கள் தம்பி. எஸ்.டி. டயரில் வேகக் குறி எதுவும் இல்லை என்றால் 65 மைலுக்கு மேல் போகக்கூடாது. இப்போது வருவதில் எல் 75, எம் 81, என் 87 என்று போட்டிருக்கும். 87 என்று இருப்பதால் 87ல் போகலாம் என்று அர்த்தம் இல்லை, சூட்டைத் தாங்க அவ்வளவு இடம் வைத்துச் செய்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் கலிஃபோர்னியாவில் இருப்பவள், இங்கே ட்ரெயிலர் இழுத்தாலே 55தான் சட்டம், யாரும் மதிப்பதில்லை என்பது வேறு. டெக்சஸில் 75 போர்டைப் பார்த்துக் கால் தானாக அழுத்தும், வலது லேனில் 60, 62ல் வாருங்கள், லாரிக்காரர்கள் திட்டினால் திட்டட்டும்.

கணக்குப்பிள்ளை

லோட் விஷயத்தில் இரட்டைஅச்சு சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். 40 பவுண்டு மிச்சம் என்பது அநியாயம், புது டயராக இருந்தாலும் நான் மாற்றியிருப்பேன். டெக்சஸ் வெயிலும் என் வெயிலும் ஒன்றில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு மாற்று என்று சொல்கிற கூட்டத்தோடு நான் சேரமாட்டேன். அந்த 4121 டயரை யாரும் குப்பையில் போடச் சொல்லிவிடாதீர்கள்.

கூட்டாஞ்சோறு

அதைத்தான் கேட்க வந்தேன். நாலு புது டி, 4121 சி டயரை ஸ்பேராக வைத்துக்கொண்டால் என்ன? சைஸ் ஒன்றுதான்.

குரோம்பேட்டை_ரப்பர்

வைத்துக்கொள்ளலாம், கழற்றும்போது நன்றாகத் தடவிப் பார்த்து மேடு இல்லை என்றால். வெளி அளவு கிட்டத்தட்ட ஒன்றே, 1,760 என்பது உங்கள் டயர் உண்மையில் சுமக்கும் எடைக்கு மேல். ஆனால் அது 50க்குத்தான் அடிக்க வேண்டும், 65 போட்டுவிடாதீர்கள், ரிம் மேல் பெயின்ட் மார்க்கரில் 50 என்று பெரிதாக எழுதி வையுங்கள். ஒரு டயர் போனால் அதைப் போட்டு 55ல் அடுத்த ஊர் வரை, அங்கே புதுசு வாங்கிவிடுங்கள். அதோடே பயணத்தை முடிக்கிற ஸ்பேர் இல்லை அது.

இன்னொன்று, ஒரு பக்கத்தில் ஒரு டயர் போய்விட்டால், நீங்கள் நிறுத்தும் வரை அதே பக்கத்து மற்ற டயர் இரண்டு பேர் எடையையும் சுமந்திருக்கும். அதன் உள்ளே என்ன சேதம் என்று வெளியே தெரியாது. தூரம் கொஞ்சம் அதிகமாக ஓடியிருந்தால் அதையும் மாற்றுங்கள். ஆட்கள் ஒரு வாரத்தில் இரண்டாவது டயரும் போய் "கம்பெனி சரியில்லை" என்று எழுதுவதற்கு பாதி நேரம் இதுதான் காரணம்.

ஊர்சுற்றி_அக்கா

வாங்கும்போது தேதியைப் பார்த்து வாங்குங்கள். புது டயர் என்று கொடுப்பதே கோடவுனில் இரண்டு வருடம் இருந்ததாக இருக்கும், அப்படி இருந்தால் வேறு கேளுங்கள், கொடுப்பார்கள். போனில் ஆர்டர் செய்யும்போதே ஆறு மாதத்துக்குள் தயாரித்ததுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டால் தகராறு இல்லை.

கடைக்கு ட்ரெயிலரையே இழுத்துக்கொண்டு போனால் பலர் எடுக்கமாட்டார்கள், லிப்ட் இல்லை என்பார்கள், இல்லையென்றால் ஆக்ஸிலின் நடுக்குழாயில் ஜாக் கொடுத்து வளைத்துவிடுவார்கள். ஆக்ஸில் குழாயில் ஜாக் கூடாது, ஃப்ரேமில்தான். வீட்டு முன்னாலேயே ஒரு பக்கம் ஒரு பக்கமாக ஸ்டாண்டு கொடுத்து வீலைக் கழற்றி, பிக்கப்பில் போட்டு எடுத்துப்போனால் அரை நாள் வேலை. பாலன்ஸும் செய்யச் சொல்லுங்கள், ட்ரெயிலருக்கு எதற்கு என்று கேட்பார்கள், செய் என்று சொல்லுங்கள். உள்ளே அலமாரித் திருகு எல்லாம் கழலாமல் இருப்பதற்காகவாவது.

ஸ்காபரோ_பனை

சில்லுக் கழற்றின கையோட பெயரிங் கிரீஸையும் பார்த்துவிடுங்கோ. வருடத்துக்கு ஒருக்கால் செய்யவேணும், பழைய ட்ரெயிலர் வாங்கினால் விற்றவர் செய்திருப்பார் என்று நம்பக்கூடாது. ரயர் புதுசாய் இருந்து பெயரிங் எரிஞ்சு சில்லுக் கழன்டு போன ஆட்களை எனக்குத் தெரியும்.

கூட்டாஞ்சோறு

ரிம்மில் 1,900 பவுண்டு என்று பொறித்திருக்கிறது, பி.எஸ்.ஐ. எதுவும் போடவில்லை. டி டயர் 2,040 தாங்கினாலும் ரிம் 1,900தானே?

இரட்டைஅச்சு

ஆமாம், இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. ஆக்ஸிலே ஒரு பக்கத்துக்கு 1,750தான், அதனால் 1,900 ரிம் போதும். டயர் பலத்தை நம்பிக் கூடுதல் சாமான் ஏற்றுவதற்கு இது லைசென்ஸ் கிடையாது, மிச்சம் மிச்சமாகவே இருக்கட்டும். பி.எஸ்.ஐ. போடாத ரிம்முக்கு ட்ரெயிலர் கம்பெனியையோ வீல் கம்பெனியையோ பார்ட் நம்பர் சொல்லிக் கேளுங்கள். 65 கூடாது என்றால் ரிம்மையும் சேர்த்து மாற்றுவதுதான் வழி, 14 இஞ்ச் ஸ்டீல் ரிம் விலை அதிகம் இல்லை.

கூட்டாஞ்சோறு

கேட்டாயிற்று, 65 தாங்குமாம். நாலு டி டயர் ஆர்டர் செய்துவிட்டேன், தேதி ஆறு மாதத்துக்குள் என்று கண்டிஷன் போட்டே. பழைய 0916 ஸ்பேரைக் கடையிலேயே விட்டுவிடுகிறேன். டயர் சென்சார் செட்டும் வாங்கப்போகிறேன், பீனிக்ஸ் நண்பருக்கு அது உதவவில்லை என்றாலும்.

வெயிலான்_பீனிக்ஸ்

வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆணி குத்தி மெல்ல இறங்குவதையும் வால்வு கசிவதையும் அது பிடித்துவிடும், அதுதான் அடிக்கடி நடப்பது. பெல்ட் பிரிவதை அதனால் பார்க்க முடியாது. அதற்கு நிறுத்தும் இடங்களில் எல்லாம் இறங்கி ஒரு சுற்று நடந்து டயரைக் கையால் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் மற்றதைவிட ரொம்பச் சூடு என்றால் ஏதோ இருக்கிறது. வெயில் படும் பக்கம் கொஞ்சம் கூடச் சுடும், அதைக் கண்டு பதறவேண்டாம்.

கூட்டாஞ்சோறு

கடைசியாக ஒரு சந்தேகம். ஃபிளாக்ஸ்டாஃப் 7,000 அடி, அதிகாலை குளிர் நன்றாக இருக்கும். இங்கே 65 அடித்துக்கொண்டு போனால் அங்கே குறைத்துக் காட்டுமா, திரும்ப அடிக்கணுமா?

குரோம்பேட்டை_ரப்பர்

குளிரால் 10 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு 2 சதவீதம்போலக் குறையும், 30 டிகிரி வித்தியாசம் என்றால் 4 பி.எஸ்.ஐ. பக்கம். உயரம் ஏறியதால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து கேஜ் 3 பி.எஸ்.ஐ. பக்கம் கூடக் காட்டும். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும், பெரிதாக ஒன்றும் செய்யவேண்டியதில்லை. கிளம்பும் காலையில் கேஜை வைத்துப் பார்த்து 65க்குச் சரிசெய்யுங்கள், போதும்.

இரட்டைஅச்சு

லக் நட்டை மறந்துவிடாதீர்கள். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) வைத்து, ஆக்ஸில் கம்பெனி சொன்ன அளவுக்கு, நட்சத்திர வரிசையில். வீலைக் கழற்றி மாட்டினால் முதல் 10, 25, 50 மைலில் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். ஃபிரிஸ்கோவிலிருந்து 380ல் மேற்கே போனால் பத்து மைலில் ஏதாவது ஒரு கேஸ் ஸ்டேஷன், அப்புறம் டென்டன், அப்புறம் 287 ஏறுவதற்கு முன் டிகேட்டர், மூன்றும் கணக்குக்குச் சரியாக வரும்.

கூட்டாஞ்சோறு

டிகேட்டரில் எப்படியும் பிள்ளைகள் பாத்ரூம் கேட்பார்கள். ரெஞ்சைக் கதவுப் பக்கமே வைத்துக்கொள்கிறேன்.